மக்கும் என்று எழுத மறுத்தவர்

"ஜெசி அக்கா இல்லம்மா" என்று கோமளா தொலைபேசியில் சொன்னபோது நான் விழுப்புரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலப் படிகளில் நின்றிருந்தேன். கீழே ஒரு வண்டி புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் அறிவிப்பு வேறு. "எங்க போயிருக்காங்க?" என்று கேட்டேன். கோமளா குரலை உயர்த்தாமல், "எங்கியும் போவலம்மா. காலையில பால்காரரு கூப்ட்டுக்கினே இருந்திருக்காரு, கதவு தொறக்கல. மாரடைப்புன்னு டாக்டரு சொல்றாரு. நாளைக்குக் காலையில எடுக்கறாங்க, வந்துடு" என்றார்.

வண்டி போய் நடைமேடை காலியாகும்வரை அந்தப் படியிலேயே நின்றேன். மரணத்தைவிட முதலில் எனக்கு உறைத்தது வேறொன்று. செய்தியைச் சொன்னவர் கோமளா, ஒருகாலத்தில் அக்காவிடம் வேலை பார்த்தவர். ஜெசிந்தா அக்காவோடு அவர் ஒரு வார்த்தை பேசிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு தெரு தள்ளி வீடு. சந்தையில் எதிரெதிரே வந்தால் ஒருவர் காய்க் கடைப்பக்கம் திரும்பிக்கொள்வார். அப்படிப்பட்டவர்தான் அக்காவின் கதவை உடைக்கும்போது பக்கத்தில் நின்றிருக்கிறார், எங்கள் எல்லோருடைய எண்களையும் தேடி எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருக்கிறார்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் ஜெசிந்தா அக்காவை அறிவீர்கள். சிலர் திண்டிவனத்தில் அவருடைய கொட்டகையில் வேலை பார்த்தவர்கள். சிலர் அவரிடம் கண்மையும் குங்குமமும் வாங்கி விற்றவர்கள். அவரோடு சண்டை போட்டவர்களும் இதைப் படிக்கக்கூடும். அவரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லி முடித்துவிட எனக்கும் ஆசைதான். அப்படி எழுதினால் அவரை அறிந்த நீங்கள் நம்பமாட்டீர்கள்.

வயல் வேலைக்குப் போன பெற்றோரின் மகள் அவர். வேதியியல் படித்தார். தொண்ணூற்று மூன்றில், மரக்காணம் சாலையை ஒட்டிய ஓர் ஓட்டுக் கொட்டகையில், தன் பெயரையே வைத்துக் கண்மை செய்யத் தொடங்கினார். பிறகு குங்குமம். நான் அங்கே சேர்ந்தபோது கல்லூரி முடித்து ஓராண்டு ஆகியிருந்தது. கடைகளுக்குக் கடிதம் எழுதுவது, டப்பாமேல் வரும் வாசகங்களை எழுதுவது என் வேலை. தினமும் விழுப்புரத்திலிருந்து ரயிலில் வருவேன். அதனால் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இன்னா விழுப்புரம், இன்னைக்கும் வண்டி லேட்டா?" என்பார். ரயில் சரியான நேரத்துக்கு வந்த நாளிலும் அதையே கேட்பார்.

அவர் நெற்றியில் பொட்டு இருக்காது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். புதிதாக வருகிற வியாபாரிகள் குங்குமத் தட்டையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். "ஏன் பாக்கறீங்க? சோடா கம்பெனிக்காரன் சோடா குடிச்சிக்கினே இருக்கானா?" என்று அவரே ஆரம்பித்துவிடுவார். அந்தச் சிரிப்பில் வியாபாரம் பாதி முடிந்துவிடும். மீதிப் பாதியை அவருடைய கோபம் கெடுப்பதும் உண்டு.

மரக்காணம் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து மீன் கூடையோடு பஸ்ஸில் வருகிற ஓர் அம்மாள், ஒருநாள் சந்தைக்குப் போகும் வழியில் எங்கள் வாசலில் கூடையை இறக்கினார். முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று சின்ன பிளாஸ்டிக் டப்பாக்களை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"யம்மா ஜெசி, உன் சரக்கு கடலுக்குள்ள கூட ஓடுது போல. வலையில வந்துது. உன் பேரு போட்டிருக்குன்னு என் பேரன் படிச்சுச் சொன்னான்."

"மீனுங்களும் மை வெச்சிக்குதா?" என்றார் அக்கா.

"அதுங்களுக்கு இன்னாத்துக்கு மை? கண்ணு தானாவே பெருசாதான் கெடக்குது. உனக்குதான் வெக்கணும்."

எல்லோரும் சிரித்தோம். அக்கா ஒரு டப்பாவை எடுத்து மண்ணை நகத்தால் சுரண்டினார். பச்சை மூடி, அதன்மேல் புடைப்பாக அவர் பெயர். எழுத்து ஒன்றுகூடத் தேயவில்லை. பச்சை மூடியை அவர் நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அது தொழில் தொடங்கிய காலத்து டப்பா.

"இந்த மையை எந்தக் கொழந்தைக்குப் போட்டாங்களோ" என்றார். "மை அன்னைக்குச் சாயந்திரமே அழிஞ்சிருக்கும். அந்தக் கொழந்தைக்கு இப்ப மீச மொளச்சிருக்கும். இது மட்டும் நேத்து பண்ண மாதிரியே இருக்குது."

மீன்கார அம்மாள் போன பிறகும் அக்கா அந்த டப்பாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். அது இன்னும் சரியாகவே மூடிக்கொண்டது.

மறுவாரம், பிளாஸ்டிக் இல்லாமல் மக்கிப்போகிற ஒரு டப்பாவுக்காகச் சோதனைகள் தொடங்கின. பாக்குமட்டையை அழுத்திப் பார்த்தோம். சின்ன டப்பாவாக மடக்கினால் விளிம்பு வெடித்தது. காகிதக் கூழ் மழைக்காலத்தில் ஈரம் இழுத்து உப்பியது. கடைசியில் எங்கள் ஊரில் எங்கும் குவிந்து கிடக்கிற நிலக்கடலைத் தோலுக்கு, நாங்கள் சொல்கிற மல்லாட்டைத் தோலுக்கு, வந்து சேர்ந்தார். தோலை அரைத்து, மரவள்ளி மாவுக் கூழில் பிசைந்து, சூடேற்றிய இரும்பு அச்சில் அழுத்தினால், பழுப்பு நிறத்தில் கெட்டியான ஒரு டப்பா வந்தது. கையில் எடுத்தால் வறுத்த மல்லாட்டை வாசனை. உள்ளே தேன்மெழுகு பூசினோம். முதல் டப்பா அச்சிலிருந்து முழுதாக விழுந்த அன்று அக்கா எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

ஒவ்வொரு சோதனைக்கும் முடிவு ஒன்றுதான்: கொட்டகைக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் டப்பாவைப் புதைப்பது. ஒரு மழை போன பிறகு தோண்டிப் பார்ப்பது. தோண்டுகிற வேலை கோமளாவுடையது. மண்ணைக் கையால் விலக்கி, டப்பா போன இடத்தை விரலால் தடவி, "இது போயிடுச்சு", "இது இன்னும் போவல" என்று சொல்வார். குப்பையிலிருந்து பிளாஸ்டிக்கைப் பிரித்து எடுப்பதும் அவர்தான். அக்கா அதில் மிகவும் கண்டிப்பு. கொட்டகைக்கு வருகிற பூச்சரத்தைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக்கூடத் தனியாக எடுத்து வைக்கச் சொல்வார்.

மல்லாட்டை டப்பாவுக்கு முதல் எதிரி விழுப்புரத்துக் கடைத்தெருவில் இருந்தது. பூஜைச் சாமான் விற்கும் ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "ஏம்மா, இங்க வா. உன் டப்பா நல்ல ருசியாம்" என்றார். அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்கக் குங்குமம் கொட்டிக் கிடந்தது. எலிகள் டப்பாக்களை ஒரு பக்கமாகத் தின்றிருந்தன. ஒரு எலி சிவந்த வாயோடு ஓடியதைத் தன் மனைவி பார்த்துப் பயந்து கத்திவிட்டதாகச் சொன்னார். அக்காவிடம் போய்ச் சொன்னேன். "எலி தின்னா அதுவும் மக்கின கணக்குதானே" என்றார். பிறகு வேப்பெண்ணெய் சேர்த்துப் பிசைந்தோம். எலிகள் விலகின. வறுத்த மல்லாட்டை வாசனையும் போய்விட்டது.

இரண்டாவது எதிரி நாங்களே எழுதியது. டப்பாமேல் அச்சிட ஒரு வரி வேண்டியிருந்தது. 'மக்கும் தன்மை கொண்டது' என்று எழுதிக் கொடுத்தேன். அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "மக்கு டப்பான்னு கூப்பிடுவாங்க. நல்லா, மனசுல நிக்கற மாதிரி வேணும்" என்றார். அவரே யோசித்து ஒரு வரி சொன்னார்: 'மண்ணோடு மண்ணாகும்.' தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசும்போது 'மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்கே திரும்புவாய்' என்று குருவானவர் சொல்வதைச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர் அவர். அந்தச் சொற்கள் அவர் காதில் பணிவாகவும் ஆறுதலாகவும்தான் ஒலித்திருக்க வேண்டும். குங்குமத்தின் சிவப்புக்குப் பொருத்தமாகச் சிவப்பு மையிலேயே அச்சிட்டோம்.

அதே கடைக்காரர் ஒரு கட்டு முழுவதையும் திருப்பி அனுப்பினார். நானும் அக்காவும் நேரில் போனோம். அவர் ஒரு டப்பாவை எடுத்து, கடையில் நின்றிருந்த ஒரு பெண்மணியிடம் நீட்டினார்.

"இத வாங்கிக்கறீங்களாம்மா?"

அந்தப் பெண்மணி வாய்விட்டுப் படித்தார். முகம் மாறியது. "இன்னாங்க இது, குங்குமத்துமேல சாபம் எழுதி வெச்சிருக்காங்க? மண்ணா போவன்னு எங்க மாமியாதான் சொல்லும். அதுகூட வெள்ளிக்கிழம சொல்லாது."

டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனார். கடைக்காரர் அக்காவைப் பார்த்து, "நீங்க படிச்சவங்க. உங்களுக்கு இது தெரியாதா?" என்றார்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டிலும் குங்குமம் உண்டு. அந்த வரியைக் கேட்டபோது எனக்கு அது அழகாகப் பட்டது, அவ்வளவுதான். பஸ்ஸில் திரும்பும்போது, விக்கிரவாண்டி வந்ததும் அக்கா திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது. "எங்களுக்கு ஜெபம், அவங்களுக்குச் சாபம். ஒரே வார்த்த" என்றார். அச்சிட்ட டப்பாக்கள் அத்தனையிலும் அந்த வரியின்மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினோம். தாளில் ஒன்றும் எழுதவில்லை. எதையும் எழுதாமலிருப்பதும் நேர்மைதான் என்று அவர் அன்று சொன்னதை விளையாட்டாக எடுத்துக்கொண்டேன்.

குங்கும டப்பா நிலைபெற்றது. அதைப் பார்த்துவிட்டுத்தான் புதுச்சேரியிலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வந்தது. அங்கே வெளிநாட்டுப் பயணிகள் வந்து போகும் ஒரு கடை. உதட்டுத் தைலம், அதாவது லிப் பாம், வேண்டும், மக்கும் டப்பாவில் வேண்டும், டப்பாமேல் 'முழுதும் மக்கும்' என்று இருக்க வேண்டும் என்றார்கள். எங்களிடம் அதுவரை வந்த ஆர்டர்களையெல்லாம் சேர்த்தாலும் அதற்கு ஈடாகாது. கொட்டகையில் அப்போது கோமளாவோடு சேர்த்து ஏழு பெண்கள். இது கிடைத்தால் அவர்களுக்கு ஆண்டு முழுவதும் வேலை. கிடைக்காவிட்டால் கொட்டகையே நிற்காது என்பதையும் எல்லோரும் அறிந்திருந்தோம். ஏனென்றால் கண்மை வியாபாரம் பெரிய கம்பெனிகளின் பென்சில்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது. கோமளாவின் மகள் சுதா அப்போது நர்சிங் இரண்டாம் ஆண்டு. கோமளாவுக்குக் கணவர் இல்லை. அந்தக் கொட்டகைச் சம்பளம்தான் அந்தப் படிப்பு.

உதட்டுத் தைலத்தில் எண்ணெய் இருக்கிறது. மல்லாட்டை டப்பாவில் ஊற்றி வைத்தால், எண்ணெய் உள்ளிருக்கும் மெழுகுப் பூச்சை மெல்ல மெல்லத் தன்னோடு இழுத்துக்கொண்டு வெளியே கசிந்தது. "அக்கா, டப்பாவுக்கு வேர்க்குது" என்று கோமளா கொண்டுவந்து காட்டுவார். அரக்கு பூசிப் பார்த்தார் அக்கா, பசை மாற்றிப் பார்த்தார். வெயில் ஏற ஏற எல்லாம் வேர்த்தது. கடைசியில் வெளியூரிலிருந்து ஒருவர் காகிதக் குழாய் டப்பா கொண்டுவந்தார். சொட்டு எண்ணெய் வெளியே வரவில்லை. "முழுசும் மக்கும் மேடம், சர்டிஃபிகேட் இருக்கு" என்றார். கொட்டகையே நிம்மதியாக மூச்சு விட்டது.

அக்கா அதையும் முருங்கை மரத்தடியில் புதைத்தார்.

ஐப்பசி மழை அந்த ஆண்டு நன்றாகப் பெய்தது. மண் இளகியதும் கோமளா தோண்டினார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். காகிதம் இல்லை. காகிதம் இருந்த இடத்தில், பாம்புச் சட்டை போல, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுக்கு மெல்லிய ஒரு பிளாஸ்டிக் தாள் குழாய் வடிவத்திலேயே இருந்தது. கோமளா அதை இழுத்தார். அது நீண்டது, கிழியவில்லை. தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு அதைச் சுருட்டி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார். அதை அக்காவிடம் காட்டலாமா வேண்டாமா என்று அவர் யோசித்த அந்தச் சில நொடிகளை நான் பார்த்தேன். பிறகு அவரே உள்ளே போய் மேசைமேல் வைத்தார்.

"போவலக்கா" என்றார்.

புதுச்சேரிக் கடையின் மேலாளர் அடுத்த வாரம் வந்தார். நல்ல மனிதர். பொறுமையாகத்தான் பேசினார். அந்தச் சுருளை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "மேடம், எல்லாரும் இதைத்தான் போடறாங்க. சப்ளையர் எழுத்துல குடுத்திருக்காரு, பொறுப்பு அவரோடது. உதட்டுக்குப் பூசறவங்க யாரு போய்த் தோண்டிப் பாக்கப் போறாங்க?" என்றார்.

"நான் பாத்துட்டேனே" என்றார் அக்கா.

உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் இருக்கிறது என்று சின்ன எழுத்தில் போட்டுத் தருவதாக அக்கா சொன்னார். மேலாளர் சிரித்தார். அதைப் போட்டால் தன் கடையில் வைக்கவே முடியாது என்றார். நான் நடுவில் புகுந்து, 'வெளிப்புறம் மக்கும்' என்று போடலாமே என்றேன். மேலாளருக்கு அது பிடித்திருந்தது. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"விழுப்புரம், நீ சொன்னது பொய் இல்ல. ஆனா அவங்களுக்கு உண்ம தெரியணும்னுதானா அத எழுதச் சொல்ற? தெரியக் கூடாதுன்னுதானே?"

எனக்குக் கோபம் வந்தது. இன்றும் அந்த வரி தவறென்று எனக்கு முழுதாகத் தோன்றவில்லை. ஏழு பேருக்கு வேலையும், படிக்கிறவர்கள் கவனித்துப் படித்தால் புரிகிற ஒரு வரியும். இதைவிட மோசமான சமரசங்களில்தான் நாம் எல்லோரும் காலத்தை ஓட்டுகிறோம். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. மேலாளர் தேநீரைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்று எழுந்து போனார்.

அவர் கார் போன பிறகு கோமளா வந்து மேசைக்கு எதிரே நின்றார். அவர் உட்காராமல் நின்று பேசி நான் பார்த்தது அன்றுதான்.

"தோண்டினது நானு. மூடிட்டேன்னா தெரிஞ்சிருக்காது. நான் எடுத்தாந்து குடுத்தேன். அதுக்காவது நீங்க கொஞ்சம் எறங்கி வரலாமில்ல?"

"நீ எடுத்தாந்து குடுத்ததாலதான் கோமளா எறங்க முடியல."

"டப்பா மக்குதோ மக்கலியோ, எங்க வவுறு இன்னா பண்ணும்? என் பொண்ணு பாதி படிச்சிக்கினு இருக்குது."

"வேற ஆர்டர் புடிப்போம்."

"எப்போ?"

அக்கா மேசைமேலிருந்த சுருளை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார். கோமளா சொன்னார்: "கடலுக்குப் போவுதுன்னு கவலப்படறீங்க. நாங்க எங்க போவோம்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? பேஜாரு புடிச்ச வார்த்த அது, மக்கும். அத எழுதலன்னா நாங்க மக்கிடுவோம்."

அக்கா அழவில்லை, கத்தவுமில்லை. "எம் பேர அதுமேல போடறேன் கோமளா. என்னால முடியல" என்றார். நான் அவரிடம் கேட்ட மிகச் சிறிய குரல் அதுதான்.

அந்த ஆர்டர் வேறு யாருக்கோ போனது. அந்தக் காகிதக் குழாய் டப்பா, அந்த வரியோடு, புதுச்சேரிக் கடைகளில் இன்றும் விற்கிறது. நானே வாங்கிப் பார்த்திருக்கிறேன், தைலம் நன்றாகத்தான் இருக்கிறது. பொங்கலுக்குள் எங்கள் கொட்டகையில் கோமளா உட்பட நான்கு பேரை நிறுத்த வேண்டி வந்தது. அதை அக்கா செய்த விதம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. பக்கத்தில் உட்காரவைத்து இரண்டு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம். வாசலில் நின்றபடி, "திங்கக்கிழமையில இருந்து வேணாம்" என்றார். குற்ற உணர்ச்சியைக் கடுமையான பேச்சாக மாற்றிக்கொள்கிறவர்களில் அவரும் ஒருவர். கோமளா முறத்தைச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, அக்காவைத் திரும்பிப் பார்க்காமல் போனார். அதன் பிறகு செருப்புக் கம்பெனி வேனில் விடியற்காலை போய் இருட்டிய பிறகு வருகிற வேலை அவருக்குக் கிடைத்தது. சுதாவின் படிப்பு இரண்டாம் ஆண்டோடு நின்றது. விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் அந்தப் பெண் சேலை எடுத்துப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "வாங்கக்கா, காட்டன் பாக்கறீங்களா?" என்றாள். நான் வேண்டாத ஒரு சேலையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

நானும் விழுப்புரத்திலேயே ஓர் அலுவலக வேலைக்கு மாறினேன். அக்கா குங்குமத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கடைசியில் தனியாகவே, மல்லாட்டை டப்பா செய்துகொண்டிருந்தார். அவரை நான் கடைசியாகப் பார்த்தது திண்டிவனம் பஸ் நிலையத்தில். இளைத்திருந்தார். கையில் துணிப்பை நிறைய டப்பா. பஸ் வரும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.

"கோமளாவப் பாத்தியா? எம்மேல இன்னும் கோவமாதான் இருக்காளா?"

"ஆமாங்கா."

"இருக்கட்டும். சுதாவுக்கு நான் ஒரு எடத்துல சொல்லி வெச்சேன், படிப்ப முடிக்கறதுக்கு. ஆள் உட்டுச் சொன்னேன், கோமளா வேணாம்னுட்டா. அதுவும் சரிதான்." கொஞ்ச நேரம் பஸ் வரும் பக்கம் பார்த்தார். "நான் பண்ணது சரின்னு நீயாவது நெனக்கிறியா?"

"தெரியலங்கா."

சட்டென்று அவர் முகம் தெளிந்தது. "நல்லவேள. சரின்னு சொல்லியிருந்தன்னா என்ன சமாதானப்படுத்தறன்னு நெனச்சிருப்பேன்" என்றார். பஸ் வந்தது. இடம் பிடிக்க முழங்கையால் இடித்துக்கொண்டு ஏறினார். சன்னலோர இடம் கிடைத்துவிட்டதைக் கையால் சைகை காட்டினார்.

கோமளா செய்தி சொன்ன மறுநாள் காலை கல்லறைத் தோட்டத்துக்கு நான் போனபோது கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகம். பூஜைச் சாமான் கடைக்காரர் விழுப்புரத்திலிருந்து வந்திருந்தார். கொட்டகைப் பெண்களில் பெரும்பாலோர் வந்திருந்தார்கள். செருப்புக் கம்பெனியில் விடுப்புச் சொல்லிவிட்டுக் கோமளா வந்திருந்தார். சென்னையிலிருந்து அக்காவின் தம்பியும் அவர் நண்பர்களும் கொண்டுவந்த மலர் வளையங்கள் எல்லாம் கண்ணாடித் தாளில் சுற்றியவை. வெயிலில் பளபளத்தன. குருவானவர் ஜெபத்தை முடித்து, எல்லோரும் ஒரு பிடி மண் போட்டு, குழியை மூடி, வளையங்களை மேலே அடுக்கியபோது கோமளா முன்னால் வந்தார். முழங்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வளையத்திலிருந்தும் தாளைப் பிரித்தார். நாடாவை உருவினார். பிளாஸ்டிக் இலைகளைத் தனியாக எடுத்தார். பூவை மட்டும் மண்மேல் வைத்தார்.

தம்பி, "என்னம்மா பண்றீங்க, அழகா இருந்ததே" என்றார்.

"இது போவாதுங்க" என்றார் கோமளா, நிமிர்ந்து பார்க்காமலே.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுருட்டிய தாள்களை வாங்கிக்கொண்டேன். அவர்கள் இருவருக்கும் நடுவே இருந்தது முடிந்துவிட்டது, என் கண்முன்னாலேயே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். கோமளா கையை உதறி மண்ணைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ எழுதுவ இல்ல, இத?"

"எழுதலாம்னு இருக்கேன்."

"எழுது. ஆனா கோமளா மன்னிச்சிட்டான்னு எழுதிடாத. இது கை பழக்கம். பாத்தா தானா பிரிக்குது. அவங்க பண்ணது எனக்கு ஆறல. எம் பொண்ணு வாழ்க்க அது." கீழே கிடந்த ஒரு நாடாவை எடுத்து என் கையில் வைத்தார். "நேத்து கதவு ஒடச்சி உள்ள போனப்ப நான்தான் கண்ண மூடி விட்டேன். அதையும் எழுது. ரெண்டையும் எழுது."

இரண்டையும் எழுதிவிட்டேன். கோமளா மன்னித்தார் என்று இந்தக் கட்டுரை முடிந்திருந்தால் உங்களுக்கும் மனம் லேசாகியிருக்கும், எனக்கும்தான். எழுதி முடிக்கும்போது அந்த வாக்கியம் கைவரை வந்தது. அக்கா செய்தது சரியா என்று கேட்டால் இன்றும் எனக்குத் தெரியாது. சுதா சேலை எடுத்துப் போடுகிற அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் இல்லை என்று தோன்றுகிறது. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை எழுதாமல் விட என்னால் முடிந்திருக்கிறது. ஜெசிந்தா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அதுதான்.